11-ஆம் வகுப்புக்கு முன் ஸ்பானிஷ் சரளம்: வகுப்புக்கு வெளியே எதை, எந்த வரிசையில் செய்வது

டெல்லியில் ஆறாம் வகுப்பிலேயே ஸ்பானிஷ் எடுத்த பிள்ளைகள் பலர் பத்தாவதில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிவிடுகிறார்கள். வினைச்சொல் அட்டவணையைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். "நேற்று சாயந்திரம் என்ன செய்தாய்?" என்று ஸ்பானிஷில் கேட்டால் மட்டும் பார்வை மின்விசிறிக்குப் போகிறது. இதே பிள்ளைகள்தான் அடுத்து ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலரியேட்) திட்டத்தின் ஸ்பானிஷ் பி (ஏற்கெனவே ஓரளவு படித்தவர்களுக்கான பாடம்) உயர்நிலையிலோ அதற்கு இணையான பாடத்திலோ போய் உட்காருகிறார்கள்.

துவாரகா, மயூர் விஹார் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் விடுமுறையில் ஸ்பானிஷ் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். பத்தாவது தேர்வு முடிந்ததிலிருந்து பள்ளி திறக்கும் வரை சுமார் 10 வாரம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இந்த 10 வாரத்தில் புது இலக்கணம் எதுவும் வேண்டாம். அது வகுப்பில் எப்படியும் வரும். ஏற்கெனவே தெரிந்தது வாயில் வேகமாக வர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருப்பது ஒலிக்காக மட்டும். உங்கள் நோட்டில் அவற்றை ஸ்பானிஷ் எழுத்திலேயே, அழுத்தக் குறியோடு எழுதுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கோடு போட்ட நோட்டு, காதில் நன்றாகப் பொருந்தும் ஹெட்ஃபோன், ரெக்கார்டர் உள்ள போன். போன் தம்பியோடு பகிர்ந்துகொள்ளும் போனாக இருந்தால் தினமும் உங்களுக்கு எந்த நேரம் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். பல பயிற்சிகள் இரண்டாம் வாரத்தில் நின்றுபோவது இந்த ஒரு காரணத்தால்தான்.

அடுத்து, பள்ளியிலிருந்து பாடத்திட்டத்தின் பிரதியை வாங்குங்கள். ஐபி உயர்நிலையில் வாய்மொழித் தேர்வு 12 முதல் 15 நிமிடம். வகுப்பில் படித்த இரண்டு இலக்கியப் படைப்புகளில் ஒன்றிலிருந்து ஒரு பகுதியைக் கொடுப்பார்கள். 20 நிமிடம் தயாரித்துவிட்டு மூன்று நான்கு நிமிடம் பேச வேண்டும், அப்புறம் ஆசிரியரின் கேள்விகள். எழுத்துத் தாளில் 450 முதல் 600 சொற்கள். கேட்டல், வாசித்தல் இரண்டுக்கும் சேர்த்துப் பாதி மதிப்பெண்.

இதை முன்கூட்டியே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சரளம் என்றாலே பேச்சு என்று நினைத்துப் பிள்ளைகள் காதை மறந்துவிடுகிறார்கள்.

2. இரண்டு நிமிடப் பதிவு

முதல் நாள் எதையும் படிக்காமல், "போன ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது" என்று ஸ்பானிஷில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். ஒத்திகை கூடாது.

மறுநாள் அதைப் போட்டுக் கேட்டு, நின்ற இடங்களை மட்டும் நோட்டில் எழுதுங்கள். ஏன் நின்றீர்கள்? சொல் தெரியவில்லையா, வினை வடிவம் குழப்பியதா, சொல் தெரிந்தும் வாயில் வரவில்லையா? பெரும்பாலும் மூன்றாவதுதான். அது தெரிந்தால்தான் மறுபடி அட்டவணையை மனப்பாடம் செய்யும் ஆசை அடங்கும்.

3. முதல் இரண்டு வாரம் ஒலிக்கு

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். பேசிப் பேசிச் சரியாகிவிடும் என்பார்கள். தவறான ஒலியில் நூறு தடவை சொன்ன சொல்லை அப்புறம் திருத்துவது பெரும்பாடு. வாயில் சரியாக வராத ஒலியைக் காதும் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் இதற்கு முதலிடம்.

நல்ல செய்தி, தமிழ் வாய்க்கு ஸ்பானிஷில் பாதி ஒலிகள் இனாமாகக் கிடைக்கின்றன. கெட்ட செய்தி, நாம் ஸ்பானிஷைப் பார்த்ததும் ஆங்கில வாயைப் போட்டுக்கொள்கிறோம். ஸ்பானிஷின் 'த' நம் பல் தொடும் த-தான். ஆனால் வகுப்பில் பத்தில் எட்டுப் பேர் 'எஸ்தா' என்பதை 'எஸ்டா' என்றும் 'தெங்கோ' என்பதை 'டெங்கோ' என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தின் t எழுத்தை இந்தியாவில் ட என்று சொல்லிப் பழகியதன் விளைவு. உயிரெழுத்துகளுக்கு நடுவே d எழுத்துக்கு வரும் 'த' இன்னும் சுலபம். 'நாதா' என்பதில் வரும் ஒலி நாம் 'அது' என்று சொல்லும்போது வரும் அதே மெல்லிய ஒலி.

நம் தமிழ்ப் பழக்கமே காலை வாரும் இடங்களும் உண்டு. பேச்சில் 'எப்படி' என்பதை 'யெப்படி' என்கிறோம், 'ஒண்ணு' என்பது 'வொண்ணு' ஆகிறது. அதே பழக்கத்தில் 'எஸ்பான்யோல்' 'யெஸ்பான்யோல்' ஆகும், எட்டைக் குறிக்கும் 'ஓச்சோ' 'வோச்சோ' ஆகும். கண்ணாடி முன் நின்று, முன்னால் 'ய', 'வ' ஒட்டாமல் சொல்லிப் பாருங்கள்.

இரட்டை 'ர்ர' தனி வேலை. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். சொல்லின் முதலில் வரும் ர-வும் உருட்டித்தான் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் லேசாக வைத்து, நாக்கை இறுக்காமல் மூச்சைத் தள்ளுங்கள். சின்ன வயதில் ஆட்டோ ஓட்டி விளையாடிய ஒலி ஞாபகம் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். வரவில்லை என்றால் தினமும் இரண்டு நிமிடம் போதும், தொண்டை வலிக்கும் வரை முயல வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் அழுத்தம். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது, அதனால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை. 'பாபா' என்பதில் முதல் அசையை அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு, கடைசி அசையை அழுத்தினால் அப்பா. வினைகளில் இதுவே பெரிய தொல்லை. 'ஆப்லோ' என்பதை முன்னால் அழுத்தினால் 'பேசுகிறேன்', பின்னால் அழுத்தினால் 'அவர் பேசினார்'. இப்படிப்பட்ட இருபது வினைகளை ஜோடி ஜோடியாக எழுதி, கையால் மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். தட்டு விழும் அசையில்தான் குரல் ஏற வேண்டும்.

ஸ்பெயின் உச்சரிப்பா, லத்தீன் அமெரிக்க உச்சரிப்பா என்று கேட்பார்கள். பேச ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்க இரண்டும் வேண்டும்.

4. ஒரே ஒலித்துண்டை நாலு தடவை கேட்பது

இரண்டு முதல் மூன்று நிமிட ஒலித்துண்டு ஒன்றை எடுங்கள். அதன் எழுத்து வடிவமும் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். ட்ரீமிங் ஸ்பானிஷ் காணொளிகளில் நிலை குறித்திருப்பதால் தொடக்கத்துக்கு வசதி. ஆறாம் வாரத்துக்கு மேல் ரேடியோ ஆம்புலான்தே பாட்காஸ்டுக்குப் போகலாம், அதன் முழு எழுத்து வடிவமும் இணையத்தில் இருக்கிறது. முதல் வாரத்திலேயே அதைப் போட்டால் மனம் உடைந்துவிடும்.

முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். எதைப் பற்றி என்று தமிழில் இரண்டு வரி சொல்லுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாம் தடவை எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டு, தவறவிட்ட இடங்களில் கோடு போடுங்கள். மூன்றாம் தடவை கோடு போட்ட வரிகளை மட்டும். நான்காம் தடவை மறுநாள் காலை, எழுத்து இல்லாமல்.

கோடு விழுந்த இடங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். பாதிச் சொற்கள் உங்களுக்குத் தெரிந்தவையாகவே இருக்கும். அவை சேர்ந்து ஒலித்ததால் பிடிபடவில்லை. 'லோஸ் அமீகோஸ்' என்பது 'லோசமீகோஸ்' என்றே காதில் விழும். 'பா ஆ ஆப்லார்' மூன்று சொல், வேகமாகப் பேசுபவர் வாயில் கிட்டத்தட்ட 'பாப்லார்'. தமிழில் புணர்ச்சி படித்தவர்களுக்கு இது புதிது இல்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் சொல் சொல்லாகப் படித்தவர் காதுக்கு இதைப் பழக்கித்தான் ஆக வேண்டும்.

ஓடிடியில் ஸ்பானிஷ் தொடர் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில சப்டைட்டில் போட்டால் நீங்கள் செய்வது ஆங்கில வாசிப்பு. ஸ்பானிஷ் சப்டைட்டில் போடுங்கள். வேறு மொழியிலிருந்து டப் செய்த படமாக இருந்தால் பேசுவதும் சப்டைட்டிலும் பல நேரம் பொருந்தாது. முதலிலேயே ஸ்பானிஷில் எடுத்ததைத் தேர்ந்தெடுங்கள்.

5. பேசுபவரோடு சேர்ந்து பேசுவது

ஷேடோயிங் என்பார்கள். நாலு தடவை கேட்டு முடித்த அதே துண்டில் முப்பது விநாடியை எடுத்து, அரை நொடி பின்தங்கி, அவர் சொல்வதை அப்படியே சொல்லிக்கொண்டு போக வேண்டும். அர்த்தத்தை யோசிக்கக் கூடாது, ராகத்தை மட்டும் பிடியுங்கள்.

கேட்டு முடிக்காத புதுத் துண்டில் இதைச் செய்வது வழக்கமான தவறு. அர்த்தம் புரியாத வாக்கியத்தைத் துரத்தினால் வாய் மழுங்கலாக முணுமுணுக்கும், அதுவே பழகிவிடும். மெட்ரோவில் உதட்டை அசைத்துச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு மெட்ரோ சரி, இதற்குச் சரிவராது. குரல் வெளியே வர வேண்டும். மொட்டை மாடிக்குப் போங்கள்.

6. தனக்குத் தானே கதை சொல்வது

மூன்றாம் வாரத்திலிருந்து இது தினசரி வேலை, இந்த வழிகாட்டியின் மையமும் இதுதான். தினமும் நடந்த ஒரு சின்ன விஷயத்தை ஒரு நிமிடம் சத்தமாகச் சொல்லுங்கள். உடனே அதையே மறுபடி சொல்லுங்கள், அப்புறம் மூன்றாவது முறை. முதல் முறை திக்கிய இடம் மூன்றாம் முறை ஓடும். ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்லும்போது என்ன சொல்வது என்ற யோசனை குறைந்து, எப்படிச் சொல்வது என்பதில் மூளை முழுதாக இறங்குகிறது.

இங்கே எல்லாரும் தடுக்கி விழும் இடம் இரண்டு இறந்த காலங்கள். ஆங்கிலத்தின் எளிய இறந்த காலம் இரண்டுக்கும் ஒரே வடிவமாகவே நிற்பதால் ஆங்கிலம் வழியாகப் போனால் எது எங்கே என்று கடைசி வரை குழப்பம்தான். தமிழ் வழியாக வாருங்கள்.

ஜூன் மாதத்து டெல்லி வீட்டில் நடக்கக்கூடியது ஒன்று: அம்மா அரிசி அரைத்துக்கொண்டிருந்தாள், கரண்ட் போய்விட்டது. ஸ்பானிஷில் 'மி மாத்ரே மோலீயா எல் அர்ரோஸ் குவாந்தோ சே ஃபுவே லா லூஸ்'. 'அரைத்துக்கொண்டிருந்தாள்' என்று நீண்டு கிடப்பது 'மோலீயா'. 'போய்விட்டது' என்று பட்டென்று முடிவது 'ஃபுவே'. வழக்கமாக நடந்ததும் முதல் வகைதான். 'தாத்தா தினமும் மலை மந்திருக்குப் போவார்' என்று பழைய நாளைச் சொல்லும்போது 'போவார்' என்கிறோமே, அங்கே 'ஈபா' வரும். 'நேற்றுப் போனார்' என்றால் 'ஃபுவே'. கொண்டிருந்தார், -வார் என்று தமிழில் வந்தால் முதல் வகை, வந்தார் போனார் என்று முடிந்தால் இரண்டாம் வகை. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் வாய் நிற்காமல் போவதற்கு இது போதும்.

இன்னும் சில இடங்களிலும் தமிழ் கைகொடுக்கும். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்ற அமைப்புதான் 'மே குஸ்தா எல் கஃபே'. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அதே ஜாடை. வந்தேன், பார்த்தேன் என்று நாம் 'நான்' இல்லாமலே பேசுவது போலவே ஸ்பானிஷிலும் 'யோ' இல்லாமல் பேசலாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ' போடுபவர் ஆங்கிலத்தில் யோசிக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

டெல்லிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் 'பெரோ' வர வேண்டிய இடத்தில் 'லேகின்' வந்து குதிக்கும், 'இ' வர வேண்டிய இடத்தில் 'ஔர்'. பயப்பட வேண்டாம், பின்னால் கற்ற மொழிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். ஆனால் பால் விஷயத்தில் இந்தியை நம்பாதீர்கள். 'கிதாப்' இந்தியில் பெண்பால், ஸ்பானிஷின் 'லீப்ரோ' ஆண்பால். பெயர்ச்சொல்லை எப்போதும் 'எல்', 'லா' சேர்த்தே மனதில் போடுங்கள்.

7. சொல் தெரியாதபோது நிற்காமல் போவது

ஆளோடு பேசப் போகும் முன் இது வேண்டும். இல்லையென்றால் முதல் சொல் தடுக்கியதும் ஆங்கிலத்துக்குத் தாவுவீர்கள், எதிரில் இருப்பவரும் ஆங்கிலத்துக்கு வந்துவிடுவார்.

சமையலறைக்குப் போங்கள். ஸ்பானிஷில் பெயர் இல்லாத பொருள்களாக எடுத்து விவரியுங்கள். இடியாப்ப அச்சு: 'ஊனா கோசா தே மெத்தால் கே சீர்வே பாரா அசேர் ஃபிதேயோஸ் தே அர்ரோஸ்'. அரிசி நூடுல்ஸ் செய்யப் பயன்படும் உலோகப் பொருள் என்று அர்த்தம். 'சீர்வே பாரா' என்ற ஒரு சட்டகம் கையில் இருந்தால் வடிகட்டி, ஆப்பச் சட்டி, அரிவாள்மனை எல்லாவற்றையும் சமாளிக்கலாம்.

யோசிக்கும் நேரத்தை நிரப்பும் சொற்களும் வேண்டும். 'ஓ சேயா' நம் 'அதாவது'. 'ஆ பேர்' நம் 'இரு, பாப்போம்'. 'எஸ் கே' என்பது 'அது வந்து...' என்று இழுப்பதற்கு. ஆனால் இவற்றைத் தேர்வில் வாக்கியத்துக்கு வாக்கியம் போட்டால் எரிச்சலாக இருக்கும்.

8. ஆளோடு பேசுவது: ஐந்தாம் வாரத்திலிருந்து

முதல் நாளே இதில் குதிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொந்தமாக ஒரு நிமிடம் கதை சொல்ல முடியாதவர் அரை மணி நேர உரையாடலில் 'சீ', 'நோ' என்று தலையாட்டிவிட்டு வருவார், அடுத்த வாரம் போக மாட்டார்.

டெல்லியில் இதற்கு வாய்ப்புகள் உண்டு. கன்னாட் பிளேஸ் அருகே ஹனுமான் ரோட்டில் ஸ்பெயின் அரசின் இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ் இருக்கிறது. வகுப்புகளும் நூலகமும் அங்கே உண்டு. கட்டணம், நேரம் எல்லாம் நேரில் விசாரியுங்கள். ஜேஎன்யூவிலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிஷ் படிக்கும் மாணவர்கள் பலர் வாரம் ஒரு மணி நேரம் பேசிக் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். அவர்களும் கற்றுத்தான் பேசுகிறார்கள் என்பதால் உங்கள் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

இணையத்தில் ஆசிரியர் பிடித்தால் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். கோடையில் டெல்லி இரவு 8:30 என்றால் மாட்ரிட்டில் மாலை 5 மணி. கொலம்பியாவின் பொகோத்தா என்றால் காலையில்தான் வசதி. இங்கே காலை 7 மணி, அங்கே முந்தைய நாள் இரவு 8:30. முன்பின் தெரியாதவர்களோடு பேசவைக்கும் மொழிப் பரிமாற்றச் செயலிகள் வேண்டாம். சிலவற்றில் 18 வயது நிரம்பியவர்கள்தான் சேரலாம், வயதை மாற்றிப் போட்டுச் சேராதீர்கள். வீட்டில் பெரியவர்களுக்குத் தெரிந்த ஆசிரியர், கூடத்தில் உட்கார்ந்து பேசும் அழைப்பு, அது போதும். பெற்றோர்களே, அதே சமயம் பக்கத்தில் நின்று "நல்லா பேசுடா" என்று ஜாடை காட்ட வேண்டாம்.

அரை மணி நேரத்துக்கு ஒரே தலைப்பு. ஐபியின் ஐந்து பெருந்தலைப்புகளிலிருந்து எடுக்கலாம்: அடையாளம், அனுபவம், மனித அறிவாற்றல், சமூக அமைப்பு, பூமியைப் பகிர்தல். டெல்லியின் நவம்பர் காற்றைப் பற்றிப் பேசினாலே கடைசித் தலைப்பு வந்துவிடும். நடுவில் திருத்த வேண்டாம், முடிவில் மூன்று தவறுகளை மட்டும் சொல்லுங்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தித் திருத்தினால் வாய் மூடிக்கொள்ளும்.

'தூ', 'உஸ்தேத்' இரண்டும் நீ, நீங்கள் போலத்தான். ஆனால் 'உஸ்தேத்' வந்தால் வினை 'அவர்' வடிவத்தில் வரும். மரியாதையை மட்டும் மாற்றிவிட்டு வினையை மாற்ற மறப்பது அடிக்கடி நடக்கிறது.

9. வாசிப்பும் எழுத்தும்

வாசிக்க, பக்கத்துக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாமல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் அகராதி பார்ப்பதே வேலையாகிவிடும். செய்திக்கு பிபிசி முண்டோ, சொல்லுக்கு ஸ்பானிஷ் அரச அகாதெமியின் இலவச இணைய அகராதி. புதுச் சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள்.

எழுதுவது வாரம் ஒரு தடவை, 150 சொல். மின்னஞ்சல், வலைப்பதிவு, மேடைப் பேச்சு என்று வடிவத்தை மாற்றி மாற்றி எழுதுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி மொழிபெயர்ப்புக் கருவியில் போடுவது இந்த 10 வாரத்தையும் வீணாக்கும் சுலபமான வழி. முதலில் சொந்தமாக எழுதுங்கள். பிறகு கருவியிடமோ ஆசிரியரிடமோ தவறு இருக்கும் வரியை மட்டும் காட்டச் சொல்லி, நீங்களே திருத்துங்கள்.

10. ஒரு நாள் எப்படி ஓட வேண்டும்

காலையில் முந்தைய நாள் ஒலித்துண்டைக் கேட்டுவிட்டு, அதிலேயே ஷேடோயிங், 15 நிமிடம். சாயந்திரம் புதுத் துண்டு, 20 நிமிடம். சாப்பிட்ட பிறகு மூன்று முறை கதை, 10 நிமிடம். ஞாயிறு ஓய்வு. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம், விட்டது விட்டதுதான். டுயோலிங்கோ செயலியில் தொடர்நாள் எண்ணிக்கை உடையாமல் பார்த்துக்கொள்வதற்காக நடுராத்திரியில் பச்சை ஆந்தையைத் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அதனால் பேச்சு வளர்ந்து நான் பார்த்ததில்லை.

பள்ளி திறந்ததும் வீட்டுப்பாடச் சுமையில் எல்லாவற்றையும் தொடர முடியாது. ஷேடோயிங்கை விட்டுவிடலாம். காலைக் கேட்டலும் வார உரையாடலும் நிற்கக் கூடாது. முதல் வாரத்திலேயே அந்த இரண்டு இலக்கியப் படைப்புகள் எவை என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஒலிப்புத்தகம் கிடைக்கிறதா என்று பார்த்து, கிடைத்தால் காலையில் கேட்கும் துண்டை அதிலிருந்தே எடுக்கத் தொடங்குங்கள்.